விசிறியின் இரைச்சல்

என் அறையில் இரவு பத்து மணிக்கு மேல் கேட்கும் ஒலி ஒன்றே ஒன்றுதான். அது மேசையடியில் இருக்கும் கணிப்பொறியின் விசிறி ஒலி. பகலின் சந்தடியில் அது காதில் விழுவதில்லை. ஊர் அடங்கிய பின்னரோ அதுவே பேரோசையாகிவிடுகிறது. உடல்நலம் குன்றி அதே அறையில் படுத்திருந்த என் அன்னையார் ஒருநாள், "அந்தப் பெட்டி எப்போதப்பா தூங்கும்?" என்று கேட்டார். அதற்கு விடை தேடப் புகுந்தபோது நான் அறிந்தவற்றை இங்கே கூற விழைகின்றேன்.

முதற்கண் விசிறி எதற்கு என்பதைப் பார்ப்போம். கணிப்பொறியின் மூளை எனத்தக்க சில்லு, தான் கொள்ளும் மின்னாற்றல் ஏறத்தாழ முழுவதையும் வெப்பமாகவே வெளிவிடுகின்றது. அவ்வெப்பத்தை உலோகத் தகடுகள் வாங்கிக்கொள்ள, விசிறி காற்றைச் செலுத்தி அதனை அகற்றுகின்றது. ஆகவே விசிறி சுழல்வது குற்றமன்று. தேவைக்கு மேல் சுழல்வதே குற்றம்.

இங்கே இயற்கை நமக்கு ஒரு சலுகை தந்திருக்கின்றது. விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால் அது தள்ளும் காற்றும் பாதியாகும். ஆனால் ஒலியோ ஏறத்தாழ 15 டெசிபல் தாழ்ந்துவிடும். 10 டெசிபல் குறைந்தாலே ஒலி பாதியாகிவிட்டதென நம் செவி உணரும். எனவே காற்றில் பாதியை விட்டுக்கொடுத்தால், இரைச்சலில் மூன்றில் இரண்டு பங்கு ஒழிந்தது போலத் தோன்றும். இலாபமான வாணிகம் அன்றோ இது!

வேகத்தைக் குறைக்கும் வழிகள் இரண்டு. மூன்று கம்பி கொண்ட விசிறிக்கு 12 வோல்ட்டுக்குப் பதிலாக 7 வோல்ட் அளவில் மின்சாரம் கொடுக்கலாம். நான்கு கம்பி கொண்டதில் நான்காவது கம்பி வழியே, நொடிக்கு 25,000 முறை அளவில், விட்டுவிட்டு ஆணைத் துடிப்புகள் செல்லும். துடிப்பின் நீளம் குறையக் குறைய வேகமும் குறையும். மனிதச் செவியின் எல்லை 20,000 துடிப்பே ஆதலால், அத்துடிப்பின் ஒலி நமக்குக் கேட்பதில்லை. இவ்வேகத்தைப் பெரும்பாலான கணிப்பொறிகளில் பயாஸ் என்னும் தொடக்க அமைப்புப் பக்கத்திலேயே மாற்றலாம்.

நான் செய்த பிழையையும் மறைக்காமல் சொல்லிவிடுகின்றேன். அன்னையாருக்கு உறக்கம் வேண்டுமென்ற அவசரத்தில், எந்நேரமும் மிகக் குறைந்த வேகமே போதுமென்று அமைத்துவிட்டேன். கடிதம் தட்டச்சு செய்யும்வரை யாதொரு தொல்லையுமில்லை. மறுநாள் நீண்ட ஒளிப்படக் காட்சியொன்றைத் தொகுக்கத் தொடங்கியதும் வெப்பம் 100 பாகையை நெருங்கிற்று. கணிப்பொறி முதலில் தன் வேலையைத் தானே மந்தமாக்கிக்கொண்டது. பின்னர் அடியோடு நின்றுவிட்டது. சேமித்து வைக்காத இரண்டு மணி நேர உழைப்பும் அதனோடு போயிற்று.

அதன் பின்னரே, வேண்டியது ஒரே வேகமன்று, வெப்பத்துக்கேற்ற வேகம் என்று தெளிந்தேன். 50 பாகைவரை மெல்லச் சுழலவும், அதற்குமேல் படிப்படியாக உயரவும், 80 பாகையில் முழுவேகம் கொள்ளவும் அமைத்தேன். வெப்பம் ஒரு கணம் ஏறி இறங்குவதற்கெல்லாம் விசிறி பதறாதிருக்கச் சில நொடித் தாமதமும் வைத்தேன். ஒரே சீரான மெல்லொலியைக் காட்டிலும், ஏறி இறங்கும் ஒலியே உறக்கத்தைக் கலைப்பது.

அன்பர்கள் இரண்டை மறவாதிருத்தல் நலம். வேகத்தைத் தொடுமுன், கணிப்பொறியை அணைத்து, தகடுகளில் அடைந்த தூசியை அகற்றுங்கள். பாதி இரைச்சல் தூசியால் வருவதாகவும் இருக்கலாம். அமைத்த பின், வெயில் கடுமையான நண்பகலில் கடும் வேலை ஒன்றைக் கொடுத்து வெப்பமானியைக் கவனியுங்கள். மார்கழி இரவில் போதுமான காற்று சித்திரையில் போதாது.

அன்றிரவு அன்னையார், "பெட்டியை நிறுத்திவிட்டாயா?" என்றார். "இல்லையம்மா, மெதுவாக ஓடச் சொல்லியிருக்கிறேன்" என்றேன்.