வீக்கம் வடிஞ்சா முட்டி சரியாயிடுச்சா?

ஹாஸ்டல் கிரவுண்டில் ஃபுட்பால். பந்தோடு ஓடி வந்தவன் சட்டென்று திரும்புகிறான். யாரும் இடிக்கவில்லை. முட்டிக்குள் ‘டப்’பென்று ஒரு சத்தம், அப்படியே உட்கார்ந்துவிடுகிறான். சில மணி நேரத்தில் முட்டி வீங்கிவிடுகிறது. “சுளுக்குதான்டா, எண்ணெய் போட்டு நீவுனா சரியாயிடும்” என்கிறான் ரூம்மேட். சில வாரத்தில் வீக்கம் வடிகிறது, நடக்கவும் முடிகிறது. மறுபடி கிரவுண்டுக்குப் போகிறான். ஆபத்தே அங்கதான் இருக்கு.

முட்டிக்கு நடுவில் தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் குறுக்காக இணைக்கும் தசைநார்தான் ஏ.சி.எல். கீழ்க்கால் எலும்பு முன்னால் நழுவாமல், முறுக்கும்போது விலகாமல் பிடிப்பது அதோட வேலை. நேராக நடக்கும்போது அதில் பெரிய லோடு இல்லை. அதனால்தான் அறுந்த பிறகும் நடக்க முடிகிறது. திடீரென்று திரும்பினால் முட்டி நழுவும். அப்படி நழுவும்போதெல்லாம் குஷன் மாதிரி இருக்கும் மெனிஸ்கஸும் கிழியலாம். அது கிழிந்தால் பிற்காலத்தில் மூட்டுத் தேய்மானம் வர வாய்ப்பு அதிகம்.

எக்ஸ்ரே நார்மல்னு வந்தா நிம்மதியாகிவிடாதீர்கள். அதில் எலும்புதான் தெரியும், தசைநார் தெரியாது. எலும்பு மருத்துவர் காலை இழுத்துப் பார்த்தே ஓரளவு கண்டுபிடித்துவிடுவார், எம்.ஆர்.ஐ. அதை உறுதி செய்யும்.

எல்லாருக்கும் சர்ஜரி வேணுமா? வேண்டியதில்லை. ஸ்வீடனில் 121 இளைஞர்களை வைத்து நடந்த ஆய்வில், முதலில் உடற்பயிற்சி சிகிச்சை மட்டும் எடுத்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு 5 வருடம் கழித்தும் சர்ஜரி தேவைப்படவில்லை. ஆனால் முட்டி அடிக்கடி நழுவினாலோ, திரும்பித் திரும்பி ஓடும் ஆட்டத்துக்கே போகணும்னாலோ டாக்டர் சர்ஜரி சொல்லலாம்.

சர்ஜரியில், பெரும்பாலும் நம் உடம்பிலிருந்தே எடுத்த தசைநாண் ஒன்றைப் புது ஏ.சி.எல். ஆக வைப்பார்கள். அது முதல் சில மாதங்களில் பலம் குறைந்து, பிறகுதான் மெல்ல மெல்ல இறுகும். அந்தச் சமயத்தில் வலியே இல்லாமலும் இருக்கலாம். “நான் ஓகே மச்சி”ன்னு இறங்கி மறுபடி அறுத்துக்கொள்வது இப்படித்தான்.

குறைந்தது 9 மாதம் பொறுக்கணும். அடிபட்ட காலின் தொடைத் தசை மற்ற காலின் பலத்தில் 90 சதவீதமாவது வரணும். நாள் கணக்கு மட்டும் போதாது. வலி போச்சேன்னு ஃபிசியோவைப் பாதியில் விட்டுடாதீங்க.