ராணுவ நடவடிக்கையை எதிர்த்துப் பதவி விலகிய தளபதி: யார் இந்த யாகூப் கான்?

பாகிஸ்தானின் வெளியுறவுக் கொள்கையைப் பல ஆண்டுகள் வழிநடத்திய சாஹிப்ஸாதா யாகூப் கான், இந்தியாவின் ராம்பூரில் பிறந்தவர். தூதராவதற்கு முன்பு ராணுவத் தளபதியாக இருந்தவர். அவரது வாழ்க்கையின் திசையை மாற்றியது 1971 மார்ச்சில் அவர் எடுத்த ஒரு முடிவு.

பிரிந்த சகோதரர்கள்

ராம்பூர் நவாப் குடும்பத்தில் 1920-ஆம் ஆண்டு பிறந்த அவர், இரண்டாம் உலகப் போரில் வட ஆப்பிரிக்காவில் போர்க் கைதியானார். முகாமில் இருந்த காலத்தில் ஐரோப்பிய மொழிகளைக் கற்றார். 1947 பிரிவினையின்போது அவர் பாகிஸ்தான் ராணுவத்தைத் தேர்ந்தெடுக்க, சகோதரர் யூனுஸ் கான் இந்திய ராணுவத்திலேயே தொடர்ந்தார்.

டாக்காவில் எடுத்த முடிவு

1971 மார்ச் தொடக்கத்தில், தேசிய அவைக் கூட்டத்தை அதிபர் யாஹியா கான் ஒத்திவைத்ததால் கிழக்கு பாகிஸ்தான் கொந்தளித்தது. அங்கு படைத் தலைமையில் இருந்த யாகூப் கான், அரசியல் சிக்கலுக்கு ராணுவத் தீர்வு இல்லை எனக் கருதினார். அதிபர் நேரில் டாக்கா வந்து பேச வேண்டும் என்ற அவரது யோசனை ஏற்கப்படாததால் பதவி விலகினார். அதற்காகப் பதவிக் குறைப்புக்கும் ஆளானார். அவருக்குப் பின் வந்த டிக்கா கான் தலைமையில் மார்ச் 25 இரவு ராணுவ நடவடிக்கை தொடங்கியது. அதே ஆண்டு டிசம்பர் 16-இல் டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது, வங்கதேசம் உருவானது.

தூதரும் அமைச்சரும்

பின்னர் பிரான்ஸ், அமெரிக்கா, சோவியத் ஒன்றியம் ஆகிய நாடுகளில் தூதராகப் பணியாற்றினார். 1977-இல் வாஷிங்டனில் ஆயுதக் குழுவினர் நூற்றுக்கும் மேற்பட்டோரைப் பிணைக் கைதிகளாக்கியபோது, எகிப்து, ஈரான் தூதர்களுடன் சென்று பேசி, அவர்களது விடுதலைக்கு உதவினார்.

1982-இல் வெளியுறவு அமைச்சரான அவர், ஆப்கானிஸ்தானிலிருந்து சோவியத் படைகள் வெளியேறுவதற்கான ஜெனீவா பேச்சுகளில் பாகிஸ்தான் தரப்பை வழிநடத்தினார். ஆனால், 1988 ஏப்ரலில் ஒப்பந்தம் கையெழுத்தானபோது அவர் பதவியில் இல்லை. சில மாதங்களிலேயே மீண்டும் அமைச்சரானார்.

காஷ்மீரில் பதற்றம் முற்றிய 1990 ஜனவரியில் தில்லி வந்து, வெளியுறவு அமைச்சர் ஐ.கே. குஜ்ராலுடன் பேச்சு நடத்தினார். அந்தச் சந்திப்பு பதற்றத்தைத் தணிக்கவில்லை.

1992 முதல் மேற்கு சஹாரா விவகாரத்தில் ஐ.நா. சிறப்புப் பிரதிநிதியாகவும் செயல்பட்ட யாகூப் கான், 2016 ஜனவரி 26-இல் இஸ்லாமாபாதில் 95-ஆவது வயதில் காலமானார்.