கிடேரியை எப்போது சினைக்கு விடலாம்?

ஓரிரு மாடுகளை நம்பி வாழும் சிறு விவசாயிக்கு ஒரு கிடேரிக் கன்று என்பது வருங்கால முதல். அதை முதன்முறை எப்போது சினைக்கு விடுவது என்பதில் தவறினால் பல ஆண்டுகளுக்கு நஷ்டம் தொடரும்.

கிடேரி காளைக்குக் கத்தியதும் உடனே சினை ஊசி போடுவது சிலர் வழக்கம். இது சரியல்ல. உடல் முதிருமுன்பே கிடேரி பருவத்துக்கு வந்துவிடும். அப்போது சினையானால் இடுப்பெலும்பு விரியாமல் கன்று சிக்கிக்கொள்ளலாம். கன்றோ, தாயோ, இரண்டுமோ போய்விடக்கூடும். பிழைத்தாலும் மாடு குன்றிவிடும்; பால் குறையும்; அடுத்த சினை தள்ளிப்போகும். மாறாக, எடை வந்த பிறகும் காத்திருந்தால் தீவனச் செலவு வீண்.

வயதைவிட எடையே முக்கியம். வளர்ந்த பசுவின் எடையில் நூற்றுக்கு 60 முதல் 65 பங்கு வந்ததும் சினைக்கு விடலாம். அமெரிக்காவில் இறைச்சிக்காக மாடு வளர்ப்போரும் இதே கணக்கைத்தான் வெகுகாலமாகக் கையாண்டு வந்துள்ளனர். நம் ஜெர்சி கலப்பினத்துக்குச் சுமார் 220 கிலோ, பிரிசியன் கலப்பினத்துக்குச் சுமார் 250 கிலோ இருக்கவேண்டும். நன்கு வளர்த்தால் 15 முதல் 18 மாதத்தில் இந்த எடை வரும். நாட்டு மாடுகளுக்கு இன்னும் கூடுதல் காலம் ஆகும்.

எடை பார்ப்பது எப்படி?

தராசு தேவையில்லை, தையல்காரர் நாடா போதும். முன்னங்கால்களுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவையும், தோள் முனையிலிருந்து புட்டத்தெலும்பு வரை நீளத்தையும் அங்குலத்தில் அளக்கவும். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் ஏறக்குறைய கிலோ எடை கிடைக்கும். உதாரணமாக, சுற்றளவு 55, நீளம் 48 அங்குலமானால் எடை 220 கிலோ.

எடை வராமல் பருவத்துக்கு வந்தால் தேதியைக் குறித்து வையுங்கள். சுமார் 21 நாளுக்கு ஒருமுறை பருவம் திரும்பும். ஒன்றிரண்டை விடுவதால் கேடில்லை.

வளர்ப்பு முறை

இடையஞ்சாவடி போன்ற செம்மண் காட்டு ஊர்களில் கோடையில் பசும்புல் அரிது. வெறும் வைக்கோல் தின்னும் கிடேரி வளராது. பிறந்தது முதல் நாளுக்குச் சராசரியாக 400 கிராம் எடை ஏறவேண்டும். காயவைத்த மணிலாக் கொடி, அகத்தி, வேலிமசால், ஒன்றரைக் கிலோ கலப்புத் தீவனம், சிறிதளவு தாது உப்புக் கலவை கொடுக்கவும். குடற்புழு மருந்து தவறக்கூடாது.

சினை ஊசி போடும் நேரம்

கத்துதல், மற்ற மாடுகள் தாவும்போது அசையாமல் நிற்றல், கண்ணாடி போன்ற வழும்பு ஒழுகுதல் ஆகியவை பருவ அறிகுறிகள். காலையில் கண்டால் அன்று மாலையிலும், மாலையில் கண்டால் மறுநாள் காலையிலும் ஊசி போடவேண்டும். சிறிய உடலுள்ள கிடேரிக்குப் பிரிசியன் வேண்டாம், கன்று பெரிதாகும். ஜெர்சி விந்தே ஏற்றது.

மூன்றாம் மாதத்தில் சினைப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். எடை வந்தும், இரண்டு வயதாகியும் பருவத்துக்கு வராத கிடேரியைக் கால்நடை மருத்துவரிடம் காட்டி, காரணம் அறிந்து ஆவன செய்யவும்.