தொடுவதற்கு முன் ஒரு கேள்வி

திண்டிவனத்துக்காரர்களிலேயே பலருக்குத் தெரியாத ஒரு விஷயத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கான விதை நம்ம ஊரில், ஒரு ராத்திரியில் விழுந்தது.

1890-களின் தொடக்கம். அமெரிக்க மிஷனரி டாக்டர் ஜான் ஸ்கடர் குடும்பத்தோடு திண்டிவனத்தில் இருந்தார். உடம்பு முடியாத அம்மாவைப் பார்த்துக்கொள்ள மகள் ஐடா அமெரிக்காவிலிருந்து வந்திருந்தார். இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த பெண். மருத்துவம் படித்தவர் இல்லை, படிக்கும் எண்ணமும் இல்லை. ஒரே இரவில் மூன்று பேர் ஒருவர் பின் ஒருவராக வந்து கதவைத் தட்டினார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் இஸ்லாமியர், இன்னொருவர் வேறொரு இந்து சாதிக்காரர். மூன்று பேரின் மனைவிகளும் பிரசவ வலியில் துடித்துக்கொண்டிருந்தார்கள். அப்பாவை அழைத்துப் போகச் சொன்னார் ஐடா. ஆண் டாக்டர் வேண்டவே வேண்டாம் என்று மூவரும் திரும்பிப் போய்விட்டார்கள். விடிந்தபோது மூன்று பெண்களும் உயிரோடு இல்லை.

அதன் பிறகு ஐடா அமெரிக்கா போய் மருத்துவம் படித்தார். 1899-ல் பட்டம் வாங்கி, 1900-ல் வேலூரில் சிகிச்சை தொடங்கி, 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியை ஆரம்பித்தார். சென்னையில் இதே காரணத்துக்காக 1885-லேயே திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரி வந்துவிட்டது. ஆண் டாக்டர் தொட முடியாத பெண்களுக்குப் பெண் டாக்டர் என்பதுதான் அன்று கண்ட தீர்வு.

பிரச்சினை அதோடு முடிந்துவிட்டது என்றுதான் நானும் நினைத்திருந்தேன், எங்க அம்மா ஒரு நாள் பேசும் வரை.

அம்மாவுக்கு மார்பில் ஒரு கட்டி வந்தது. பதினைந்து வருஷத்துக்கு முந்தைய கதை. ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினோம். சாதாரணக் கட்டி என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதற்கப்புறம் எத்தனை முறை கூப்பிட்டும் அம்மா செக்கப்புக்கு வரவில்லை. காரணம் எனக்குப் போன வருஷம்தான் தெரிந்தது. "டாக்டரம்மா பார்த்தாங்க, சரி. அப்புறம் படிக்கிற புள்ளைங்க ஏழெட்டு பேரு வந்து ஒவ்வொருத்தரா அமுக்கிப் பார்த்தாங்க. யாரும் என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கிட்டேன்."

அந்த டாக்டர் ஒரு பெண். அந்த மாணவர்களில் பாதிப் பேர் பெண்கள். ஆனாலும் அம்மா திரும்பப் போகவில்லை. இந்த இடம்தான் என்னைத் தேட வைத்தது. நான் மருத்துவன் இல்லை, சாஃப்ட்வேர் இன்ஜினியர். உடம்பின் அந்தரங்கமான பகுதிகளைப் பரிசோதிக்க மருத்துவ மாணவர்கள் எப்படிக் கற்கிறார்கள் என்று படித்ததில் எனக்குப் புரிந்ததை எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. கூச்சமாக இருக்கிறதென்று இந்தப் பரிசோதனைகளைத் தவிர்க்கவே முடியாது. மலத்தில் ரத்தம் வந்தால் நம்ம பக்கம் உடனே 'மூலம்' என்று முடிவு கட்டிவிடுவோம். மலக்குடல் புற்றுக் கட்டிகளில் சில, டாக்டரின் விரல் எட்டும் தூரத்திலேயே இருக்கும். கையுறை போட்டு ஒரு நிமிஷம் பார்க்கத் தயங்கினால் மாதக்கணக்கில் தாமதமாகும். திண்டுக்கல் மாவட்டத்தில் நடந்த ஒரு பெரிய ஆய்வு 2007-ல் லான்செட் இதழில் வந்தது. 30 முதல் 59 வயதுப் பெண்களின் கருப்பை வாயில் அசிட்டிக் அமிலக் கரைசலைத் தடவி, வெள்ளையாக மாறும் இடம் இருக்கிறதா என்று கண்ணால் பார்க்கும் எளிய பரிசோதனை. செய்தவர்கள் பயிற்சி பெற்ற நர்சுகள். பரிசோதனை நடந்த ஊர்களில் கருப்பை வாய்ப் புற்றுநோயால் நேர்ந்த சாவுகள் சுமார் 35 சதவீதம் குறைந்தன. பெண்கள் நம்பி வந்து படுத்ததால்தான் அந்த எண் சாத்தியமானது.

சரி, எப்படிக் கற்கிறார்கள்? எம்.பி.பி.எஸ். மாணவர்கள் வார்டுக்கு வந்ததும் மனப்பாடமாகும் வரிசை ஒன்று உண்டு: பார்ப்பது, தொட்டுப் பார்ப்பது, தட்டிப் பார்ப்பது, ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்பது. அந்த ஸ்டெதாஸ்கோப்பே கூச்சத்தில் பிறந்ததுதான். 1816-ல் பாரிஸில் லென்னெக் என்ற டாக்டர், ஓர் இளம்பெண்ணின் மார்பில் நேரடியாகக் காதை வைக்கத் தயங்கி, காகிதத்தைக் குழல் மாதிரி சுருட்டி வைத்துக் கேட்டார். காதை விட அதில் நன்றாகக் கேட்டது.

மார்பகம், பிறப்புறுப்பு, மலக்குடல் ஆகியவற்றுக்கு இப்போது ரப்பர், சிலிகான் பொம்மைகள் வந்துவிட்டன. கல்லூரிகளில் இதற்கென்று ஸ்கில் லேப் இருக்கிறது. எங்க வேலையில் டெஸ்ட் சர்வர் மாதிரி. கை எந்தத் திசையில் போக வேண்டும், எவ்வளவு அழுத்த வேண்டும், கட்டி எப்படித் தட்டுப்படும் என்பதைப் பொம்மையிடம் தப்புத் தப்பாகச் செய்தே கற்கலாம். ஆனால் பொம்மைக்கு வலிக்காது, அது சுவரைப் பார்த்துத் திரும்பாது.

இதை அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தில் ராபர்ட் கிரெட்ஸ்மர் என்ற மகப்பேறு டாக்டர் அனுபவத்தில் கண்டார். 1960-களின் இறுதியில், சம்மதித்த ஒரு நர்ஸை வைத்து மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். அவர் யாரென்று தெரியக்கூடாது என்று துணியால் மறைத்திருந்தார்கள். அதனால் மாணவருக்கும் அவருக்கும் நடுவில் பேச்சே நடக்கவில்லை. பிறகு முறையை மாற்றினார். பயிற்சி பெற்ற பெண்கள் தாங்களே ஆசிரியர்களாகி, தங்கள் உடம்பை வைத்தே சொல்லிக் கொடுத்தார்கள். இங்கே அழுத்தாதே, இப்போது வலிக்கிறது, அடுத்து என்ன செய்யப்போகிறாய் என்று முதலில் சொல் என்று திருத்தினார்கள். மாணவர்கள் கையோடு வாயையும் பழக்கினார்கள்.

இந்த வசதி இல்லாத இடத்தில் மிச்சமிருப்பது நோயாளிதான், பெரும்பாலும் ஏழை நோயாளி. அதிலும் மோசமான வடிவம், அறுவை சிகிச்சைக்காக மயக்கத்தில் இருப்பவரை மாணவர்கள் பரிசோதித்துக் கற்பது. 2003-ல் பி.எம்.ஜே. இதழில் வந்த இங்கிலாந்து ஆய்வில், மயக்கத்தில் நடந்த இப்படிப்பட்ட பரிசோதனைகளில் சுமார் கால்வாசிக்குச் சம்மதமே வாங்கப்படவில்லை என்று தெரிந்தது. அமெரிக்க அரசு 2024 ஏப்ரலில்தான், பயிற்சிக்காகச் செய்தாலும் நோயாளியின் சம்மதம் கட்டாயம் என்று ஆஸ்பத்திரிகளுக்குத் தெளிவாக எழுதியது.

நம் நாட்டில் 2008-ல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை இங்கே பொருத்திப் பார்க்கலாம். ஒரு பெண் சோதனைக்காக மட்டும் சம்மதித்து மயக்க மருந்து எடுத்துக்கொண்டார். அந்த மயக்கத்திலேயே, அவருடைய அம்மாவிடம் மட்டும் கேட்டுவிட்டு, கருப்பையை எடுத்துவிட்டார்கள். ஒன்றுக்குக் கொடுத்த சம்மதம் இன்னொன்றுக்குச் செல்லாது என்பதுதான் தீர்ப்பின் சாரம்.

தப்பான பாடமும் பாடப்புத்தகம் வழியாகவே கைக்கு வரும். பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களுக்குச் செய்துவந்த 'இருவிரல் பரிசோதனை' அப்படி ஒன்று. அதற்கு எந்த அறிவியல் அடிப்படையும் கிடையாது. 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதைத் தடை செய்யத் தமிழக அரசுக்கு உத்தரவிட்டது. அதே ஆண்டு அக்டோபர் 31-ல் உச்ச நீதிமன்றம், மருத்துவப் பாடத்திட்டத்திலிருந்தே அதை நீக்கச் சொன்னது. கை என்ன செய்யும் என்பது வகுப்பறையில் முடிவாகிவிடுகிறது என்பதால்தான் நீதிமன்றம் பாடத்திட்டம் வரை போனது.

நல்லதையும் அதே வழியில் கொண்டுவரலாம். 2019-லிருந்து நம் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் மனப்பாங்கு, அறநெறி, நோயாளியோடு பேசும் முறை ஆகியவற்றுக்கென்று 'ஏட்காம்' என்ற தனிப் பாடம் இருக்கிறது. நம்ம பக்கத்து முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரிக்கும் அது பொருந்தும். பரிசோதனைக்கு முன் சொல்ல வேண்டியது ரொம்ப நீளமும் இல்லை. நான் இன்னார், மாணவன். எதற்காக, எங்கே தொடப்போகிறேன். வேண்டாம் என்றால் உங்கள் சிகிச்சையில் எந்தக் குறையும் வராது. பார்க்கலாமா? ஸ்கிரீனை இழுத்து மூடி, தேவையான இடத்தை மட்டும் திறந்து, இன்னொரு பெண் பக்கத்தில் நிற்க, வலித்தால் நிறுத்த வேண்டும். மொத்தம் அரை நிமிஷம் கூட ஆகாது. ஆனால் முப்பது பேர் நிற்கும் ஓ.பி.யில் முதலில் அடிபடுவதும் இந்த அரை நிமிஷம்தான். அதனால்தான் இதையும் கட்டியைத் தேடும் விரல் மாதிரியே திரும்பத் திரும்பச் செய்து பழக வேண்டும், பரீட்சையில் மார்க்கும் போட வேண்டும்.

நோயாளியாகப் போகிற நமக்கும் ஒரு வார்த்தை. தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்த நோயாளர் உரிமைச் சாசனத்தில், ஆண் டாக்டர் ஒரு பெண்ணைப் பரிசோதிக்கும்போது இன்னொரு பெண் உடனிருக்க வேண்டும் என்று இருக்கிறது. 'இவங்க யாரு, எதுக்குப் பார்க்கறாங்க' என்று தாராளமாகக் கேட்கலாம். மாணவர்கள் வேண்டாம் என்றும் சொல்லலாம். முடிந்தால் சரி என்று சொல்லுங்கள். நாளைக்கு நம்ம பிள்ளைகளின் கட்டியைக் கண்டுபிடிக்கப்போகும் விரல்கள் இன்று எங்கேயாவது கற்றாக வேண்டும்.

அம்மாவிடம் கடைசியாக ஒன்று கேட்டேன். அன்றைக்கு உங்களைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பீங்க?

"சரின்னுதான் சொல்லியிருப்பேன். படிக்கிற புள்ளைங்கதானே." கொஞ்ச நேரம் கழித்து, "கடைசியா ஒரு பொண்ணு வந்துச்சி. 'என் கை ஜில்லுன்னு இருக்கும்மா, கொஞ்சம் பொறுத்துக்குங்க'ன்னு சொல்லிட்டு, ரெண்டு கையையும் தேய்ச்சி சூடு பண்ணிட்டு அப்புறம்தான் தொட்டுச்சி. அந்தப் பொண்ணு மூஞ்சி மட்டும் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு" என்றார்.

அடுத்த வாரம் செக்கப்புக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். நானும் கூடப் போகிறேன்.