"இருந்தால்தான்", "இருந்தால் போதும்"

எங்கள் பேச்சில் "தான்" என்ற சின்னச் சொல் அடிக்கடி வரும். "மா புளித்தால்தான் தோசை நன்றாக வரும்" என்கிறோம். இதன் பொருள், மா புளிக்காவிட்டால் நல்ல தோசை வராது என்பதுதான். மா புளித்தவுடன் தோசை தானாக நன்றாக வந்துவிடும் என்பதல்ல. உப்பு அளவாக இருக்க வேண்டும், கல் பதமாகச் சூடேற வேண்டும். புளிப்பு அவசியம், ஆனால் அது மட்டும் போதாது.

நான் பல வருடங்கள் உயர்தர வகுப்புக்கு அளவையியல் படிப்பித்தவள். அவசியமான நிபந்தனை, போதுமான நிபந்தனை என்ற பாடத்தைக் கரும்பலகையில் எழுதித்தான் விளக்கினேன். ஓய்வு பெற்றபின் பெண்கள் குழுக்களில் படிவம் நிரப்ப உதவும்போதுதான், இந்தப் பாடம் பரீட்சைக்கு மட்டும் உரியதல்ல என்று கண்டேன்.

முதலில் ஓர் எளிய உதாரணம். "மகள் மூன்று பாடமும் சித்தி. ஏன் பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை?" என்று தாய்மார் கேட்பார்கள். மூன்று பாடச் சித்தி விண்ணப்பிப்பதற்கு அவசியம். இடம் கிடைப்பதற்கு அது போதாது. இசட் புள்ளியும் மாவட்ட ஒதுக்கீடும் அதன்பின் வருகின்றன. இது விளங்கினால், பிள்ளையைத் திட்டாமல் அடுத்த வழியைத் தேடலாம்.

இனிச் சற்றுக் கனமான விடயம். காணாமற்போனவரின் குடும்பத்திடம் அயலவர் சிலர் இப்படிச் சொல்வதுண்டு: "இறந்திருந்தால் வரமாட்டார். இத்தனை வருடமாக வரவில்லை. ஆகவே இறந்துதான் போனார்." கேட்கும்போது சரிபோல இருக்கும். ஆனால் இதில் ஒரு வழு உண்டு. இறந்தவர் திரும்பி வருவதில்லை என்பது உண்மை. வராதவர் எல்லோரும் இறந்தவர் என்பது அதிலிருந்து பெறப்படாது. மழை பெய்தால் முற்றம் நனையும். ஆனால் முற்றம் நனைந்திருப்பதால் மழை பெய்தது என்று முடிவு கட்ட முடியாது. யாராவது தண்ணீர் ஊற்றியிருக்கலாம்.

இந்த வேறுபாட்டுக்குச் சட்டத்திலும் இப்போது இடமுண்டு. 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் மரணப் பதிவுக்கு மட்டுமே வழி தந்தது. 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் காணக்கிடைக்காமைச் சான்றிதழைக் கொண்டுவந்தது. "அவரைக் காணவில்லை" என்று மட்டுமே அது சொல்கிறது. "அவர் இறந்துவிட்டார்" என்று சொல்வதில்லை. சமூக நலன்புரி உதவிகளுக்கு விண்ணப்பிக்கவும், பிள்ளைகளின் பாதுகாவலுக்கும், சொத்தைத் தற்காலிகமாக நிர்வகிக்கவும் அதைக் காட்டலாம். "அதை எடுத்தால் அவரைச் செத்தவராக ஒப்புக்கொண்டதாகிவிடுமே" என்று என்னிடம் ஒரு சகோதரி கேட்டார். இல்லை அம்மா. அந்தத் தாளில் இல்லாத முடிவை நாங்கள் அதற்குள் வாசிக்கத் தேவையில்லை. எடுப்பதா விடுவதா என்பது உங்கள் முடிவு. அந்த முடிவைத் தவறான பயத்தினால் எடுக்க வேண்டாம் என்பதே என் வேண்டுகோள். விபரங்களைப் பிரதேச செயலகத்தில் உள்ள பதிவாளரிடம் கேளுங்கள்.

கடைசியாக ஒன்று. இதைச் சொல்லாமல் விட என் மனம் கேட்கவில்லை. "அன்று நான் அவனைக் கடைக்கு அனுப்பாமல் விட்டிருந்தால், இன்று என்னோடு இருந்திருப்பான்" என்று ஒரு தாய் எனக்குச் சொன்னார். "அப்படியில்லை" என்று பொய்யாக ஆறுதல் சொல்ல எனக்கு விருப்பமில்லை. அந்த வசனம் உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் இதையும் பாருங்கள்: அன்று சைக்கிளுக்குக் காற்றுப் போயிருந்தால் அவன் போயிருக்கமாட்டான். கடை பூட்டியிருந்தாலும் போயிருக்கமாட்டான். மழை பிடித்திருந்தாலும் அப்படித்தான். இவையும் உங்கள் சொல்லைப் போன்ற அவசியமான நிபந்தனைகளே. அதற்காகச் சைக்கிளை யாராவது குற்றஞ்சாட்டுகிறோமா?

காற்று இல்லாமல் தீ எரியாது. வீடு எரிந்தால் காற்றையா பிடித்து விசாரிக்கிறோம்? தீ வைத்தவரைத்தான் தேடுகிறோம். பிள்ளையைக் கடைக்கு அனுப்புவது எல்லாத் தாய்மாரும் செய்கிற வேலை. அவனைக் கொண்டுபோனது இன்னொருவர் செய்த செயல். பொறுப்பு அங்கேதான் இருக்கிறது.

ஆகவே, சகோதரிகளே, யாராவது ஒரு நிபந்தனையைச் சொன்னாலும், உங்கள் மனமே உங்களைக் குற்றஞ்சாட்டினாலும், இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். இது இல்லாமல் அது நடந்திருக்குமா? இது மட்டும் இருந்தால் அது நடந்துவிடுமா? முதற் கேள்விக்கு "நடந்திராது" என்பது பதிலானாலும், இரண்டாவதைக் கேட்காமல் தீர்ப்பு எழுதாதீர்கள். முக்கியமாக, உங்களுக்கே எழுதாதீர்கள்.