நூல் பிடித்த சக்கரம்

நன்னூற் பாயிரம் கற்ற மாணவர் தச்சனுடைய நூலை அறிவர். மரத்தின் கோட்டத்தைத் தீர்ப்பது அந்நூல். அதனையே ஏட்டு நூலுக்கு உவமையாக்கினார் பவணந்தி முனிவர். அத்தச்சு நூலுக்கு இன்றும் வேலையுண்டு. கொட்டாஞ்சேனைத் தெருக்களில் விழுந்தெழுந்த மோட்டார் சைக்கிளின் சக்கரங்கள் இரண்டும் ஒரே கோட்டில் ஓடுகின்றனவா என்று அறிய அதனினும் எளிய கருவி இல்லை. பின்சக்கரத்தைப் பின்னாலிருந்து சுற்றி, நூலின் இரு தலைப்பையும் முன்னோக்கி விறைப்பாக இழுத்துப் பிடிக்க வேண்டும். முன் ரயருக்கு இருபுறமும் உள்ள இடைவெளி ஒத்திருப்பின் கோட்டமில்லை.

ஒவ்வாதிருப்பின் உடனே இரும்பு வளைந்துவிட்டதென்று அஞ்ச வேண்டா. சக்கரத்தைத் தாங்கும் முன்கவையின் கால்கள், தம்மைப் பிடித்திருக்கும் பூட்டுகளுக்குள் சற்றே முறுகியிருத்தலும் கூடும். பூட்டுகளைத் தளர்த்தி, சக்கரத்தை முழங்கால்களுக்கிடையே இடுக்கிக் கைபிடியைத் திருப்பினால் அவை நேராகும். கால்களே வளைந்திருந்தால் இவ்வுபாயம் பலியாது.

ஆயினும் பெரும்பான்மையான பிழை நேர்வது விழுந்த வண்டியிலன்று. ரயர் ஒட்டுவதற்காகக் கழற்றி மாட்டிய வண்டியிலேயே. ஜப்பானிய அஞ்சற்காரருக்கென ஆக்கப்பட்டு நம் நாட்டிலும் பெருகிய ஹொண்டா எம். டி. 90 போன்ற டிரம் பிறேக்கு வண்டிகளை எடுத்துக்கொள்வோம். பிறேக்கின் பக்கத்தட்டில் ஒரு காடி உண்டு. கவைக்காலில் ஒரு புடைப்பு உண்டு. புடைப்பு காடிக்குள் அமர வேண்டும். அமராவிடின், பிறேக்கை அழுத்திய கணமே தட்டும் சக்கரத்தோடு சுழன்று, சக்கரம் இறுகி, ஏறினவன் தலைகுப்புற வீழ்வான். இதனைச் சரிபார்க்க அரை நிமிடமும் ஆகாது. அதற்குள்ளே அவசரப்படுவோரை என்னென்பது!

அடுத்து, அச்சின் நட்டை உடனே இறுக்கலாகாது. சக்கரத்தைச் சுழலவிட்டுப் பிறேக்கை இறுகப் பிடிக்க வேண்டும். அப்போது இரு ஷூக்களும் டிரத்தின் உட்சுவரை ஒருசேர அழுத்தித் தட்டை நடுவில் நிறுத்துகின்றன. பிடித்த பிடி விடாமலே நட்டை இறுக்குக. இவ்வாறு செய்யாத வண்டியில் ஷூவின் ஒரு பகுதியே உராயும். எத்துணை அழுத்தினும் கைப்பிடி மெத்தென்றிருக்கும். வேகம் தணியும்போது பாரமெல்லாம் முன்சக்கரத்தின்மேல் சாய்வதால், வண்டியை நிறுத்தும் பெரும்பொறுப்பு முன் பிறேக்கினுடையது. மழை நனைத்த இறக்கத்தில் அது தளர்ந்தால் பின் பிறேக்கு மட்டும் போதாது.

கவைக்காலின் அடியில் அச்சைக் கவ்வும் சிறு போல்ட் ஒன்று பல வண்டிகளில் உண்டு. அதனைக் கடைசியில்தான் இறுக்க வேண்டும். வண்டியை நிலத்தில் இறக்கி, முன் பிறேக்கைப் பிடித்தபடி கைபிடியை நாலைந்து முறை கீழ்நோக்கி அமுக்கினால் கால்கள் இரண்டும் தாமாகவே இணையாக அமரும், அதன்பின் இறுக்குக. முன்னரே இறுக்கினால் கால்கள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு, தெருக்குழிகளில் தடையின்றி ஏறியிறங்கமாட்டா.

ஒன்று கூற மறந்தேன்: டிரத்தைத் திறந்ததும் உள்ளிருக்கும் தூசியை வாயால் ஊதுவது நம்மவர் வழக்கம். பழைய ஷூக்களில் கல்நார் கலந்திருக்கும். அத்தூசி நுரையீரலுக்குக் கேடு. ஈரத்துணியால் துடைத்தெடுத்தல் நலம்.