உயிரியற் பேராசிரியரும் கற்பித்தற் பணியும்

பல்கலைக்கழகப் பேராசிரியர் என்றவுடன் பலர் உள்ளத்தில் எழுவது, ஆய்வுகூடத்தில் நுணுக்குக்காட்டியின்மேற் குனிந்திருக்கும் அறிஞர் ஒருவரின் தோற்றமாகும். ஆராய்ச்சியும் போதனையும் ஒருங்கே நிகழ்தல் வேண்டும் என்னும் கொள்கை, 1810ஆம் ஆண்டிற் பெர்லினில் நிறுவப்பெற்ற பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டு உலகெங்கும் பரவியது. எனினும், எல்லாப் பல்கலைக்கழகங்களும் அவ்விரண்டையும் ஒரே அளவில் மேற்கொள்வன அல்ல. கற்பித்தலையே முதற் கடனாகக் கொண்டவையும் உள. அத்தகைய நிறுவனத்தில் உயிரியல் கற்பிக்கும் பேராசிரியரின் பணி யாது, அதன் அருமை எத்தகையது என்பன ஆராயத்தக்கன.

இலங்கைக்கு இம்மரபு புதியதன்று. 1847ஆம் ஆண்டில் இங்கு வந்த வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மருத்துவ மாணவரைப் பயிற்றுவித்தார். மனித உடலின் அமைப்பையும் தொழிலையும் தமிழிலேயே விளக்கும் நூல்களையும் ஆக்கினார். பின்னர் 1921ஆம் ஆண்டிற் கொழும்பில் ஆரம்பமான பல்கலைக்கழகக் கல்லூரி, இலண்டன் பல்கலைக்கழகப் பரீட்சைகளுக்கு மாணவரை ஆயத்தஞ்செய்தது. பட்டம் வழங்கும் உரிமை அதற்கு இருக்கவில்லை. கற்பித்தலே அதன் தலையாய தொழிலாயிற்று. அதுவும் மருத்துவக் கல்லூரியும் இணைந்தே 1942ஆம் ஆண்டில் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றியது.

இன்று மட்டக்குளியின் காக்கைத்தீவில் இரு நிறுவனங்கள் அயலிலே அமைந்துள்ளன. ஒன்று, 1981ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான நாரா எனப்படும் தேசிய நீரியல்வள ஆராய்ச்சி நிறுவனம். மற்றொன்று, 2014ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த இலங்கைச் சமுத்திரப் பல்கலைக்கழகம். முன்னையது ஆராய்ச்சிக்கென ஏற்பட்டது. பின்னையது மீன்பிடி, கடற்றொழில் ஆகியவற்றிற் பயிற்சியளித்த நிறுவனத்திலிருந்து வளர்ந்தது. பட்டப்படிப்போடு தொழிற்பயிற்சியையும் அளிப்பது. ஆராய்வதும் கற்பிப்பதும் தம்முள் எவ்வாறு தொடர்புறுகின்றன என்பதை ஆராய இதனினும் பொருத்தமான இடம் அரிது.

ஏனெனில், அவ்விடத்தின் அருகே இயற்கையே ஓர் ஆய்வுகூடத்தைத் திறந்து வைத்திருக்கிறது. சிவனொளிபாதமலைச் சாரலில் ஊற்றெடுத்து ஏறத்தாழ 145 கிலோமீற்றர் ஓடிவரும் களனி கங்கை, மட்டக்குளிக்கு அருகே கடலொடு கலக்கின்றது. கடல்நீரில் இலீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. அது நன்னீரிலும் பாரங்கூடியதாதலின், ஆற்றுநீர் மேலே ஓட, உவர்நீர் அடியில் ஆப்புப்போல் உள்நுழைகிறது. ஒரே இடத்தில் மேல்நீரையும் அடிநீரையும் தனித்தனியே அள்ளி அளந்து பார்க்கும் மாணவன், நூலிற் கற்ற கழிமுகத்தைத் தன் கையால் அறிகின்றான்.

அங்கிருந்து பேராசிரியர் அவனை உயிரினத்திடம் அழைத்துச் செல்லலாம். ஆற்றுமீனின் உடலுள் நீர் இடையறாது புகுகிறது. அது நீர்த்த சிறுநீரை மிகுதியாக வெளியேற்றி, செவுள்வழியே உப்பை உறிஞ்சிக்கொள்கிறது. கடல்மீனோ உடல்நீரை இழக்கிறது. ஆகவே கடல்நீரைக் குடித்து, மிகையான உப்பைச் செவுள்வழியே கழிக்கிறது. ஆற்றிலும் கடலிலும் வாழவல்ல கொடுவா மீன் இவ்விரு முறைகளையும் மாறிமாறிக் கையாளுகின்றது. இவ்வளவையும் ஒரு வாரத்தில் மனனஞ்செய்துவிடலாம். ஆனால், “இவ்விடத்து நீரில் இன்று எம்மீன் வாழும்?” என்று வினவக் கற்பிப்பதற்கு ஓர் ஆண்டும் போதாது.

மொழியும் ஓர் இடர்ப்பாடே. உயர்தர வகுப்பிலே தமிழிலோ சிங்களத்திலோ உயிரியல் கற்ற மாணவர், பட்டப்படிப்பில் அதனையே ஆங்கிலத்திற் கற்கவேண்டியவராகின்றனர். பிரசாரணம் என்று அறிந்த ஒன்றை ஒஸ்மோசிசு என்று கேட்கும்போது, புதிய பொருளொன்றைக் கற்பதாக மயங்குவோர் உளர். சொல் மாறினும் பொருள் மாறவில்லை என்று காட்டுவதும் பேராசிரியர் கடனாகும். மொழித் தடுமாற்றத்தை அறிவுக் குறைவாகக் கருதிவிடின், திறமையாளர் பலர் முதலாண்டிலேயே ஊக்கமிழப்பர். நன்னூலார் ஆசிரியருக்கு நிறைகோலை உவமை கூறினார். மாணவன் பிழையான சொல்லாற் கூறிய சரியான அவதானத்தையும், அழகிய சொல்லாற் கூறிய வெறும் மனனத்தையும் நடுநின்று நிறுத்துக் காண்பவரே அவ்வுவமைக்கு உரியவர்.

இத்தகைய ஆசிரியரின் நாளிற் பெரும்பகுதி விரிவுரைக்கும் செய்முறை வகுப்புக்கும் விடைத்தாள் திருத்துவதற்கும் செலவாகும். ஆராய்ச்சிக்கு எஞ்சும் நேரம் சிறிதே. எனினும் பதவி உயர்வு பெரும்பாலும் வெளியிட்ட கட்டுரைகளால் அளக்கப்படும். இதனால் இருவகைக் கேடு விளையக்கூடும். வகுப்பைச் சுமையாகக் கருதுபவர் மாணவரை இழப்பர்; ஆராய்ச்சியை அறவே கைவிட்டவர், பழைய குறிப்புகளையே ஆண்டுதோறும் படித்துக்காட்டும் நிலையை அடைவர்.

இதற்கு ஒரு பரிகாரம் செய்முறை வகுப்பினுள்ளேயே இருக்கின்றது. ஒரு வகுப்பு ஒருநாள் அளந்த உவர்த்தன்மை பயிற்சி மாத்திரமே. அதே இடத்தில், அதே முறையில், இருபது ஆண்டுகள் வெவ்வேறு மாணவர் அளந்து எழுதிவைத்தால் அது ஆராய்ச்சியாகும். அதன் பயன் சிறிதன்று. வறட்சிக் காலத்தில் ஆற்றோட்டம் குறைய, மணல் அகழ்வால் ஆழமான படுகைவழியே உவர்நீர் மேலேறுகிறது. கொழும்புக்குக் குடிநீர் பெறப்படும் அம்பத்தலையில் அதனைத் தடுக்க அணையிட நேர்ந்தது. 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் கொழும்புக்கு அப்பால் தீப்பற்றியபோது, பிளாத்திக்குமணிகள் மேற்குக் கரையெங்கும் ஒதுங்கின. அத்தகைய வேளையில் முதலில் எழும் வினா, “இதற்கு முன் இக்கரை எவ்வாறு இருந்தது?” என்பதே. ஆண்டுதோறும் அமைதியாக எழுதப்பட்ட குறிப்பேடே அதற்கு விடை தரவல்லது.

ஆதலின், கற்பித்தலை முதன்மையாகக் கொண்ட பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி இல்லை என்பது பொருந்தாது. அது பலர் கையால், மெதுவாக நடைபெறுகிறது. அங்குப் பயின்றோர் மீன்வளர்ப்பிலும் பாடசாலையிலும் அலுவலகத்திலும் பணிபுரியச் செல்வர். அவர்களுள் ஒருவர் தம் ஊர்க் களப்பில் மீன் செத்து மிதக்கக் கண்டு, வதந்தியை நம்பாது நீரை அள்ளிச் சோதிப்பாராயின், அவருக்குக் கற்பித்தவரின் உழைப்பு பலித்தது எனலாம். அப்பலனை எந்த அறிக்கையும் கணக்கிடுவதில்லை. ஆயினும், அதற்கான நேரத்தையும் மதிப்பையும் பேராசிரியருக்கு அளிக்கத் தவறும் நாடு, நாளை தன் ஆற்றையும் கடலையும் அறிந்துரைப்போர் இன்றி வருந்தும்.